இடைவெளியை என்ன செய்வது

நானூற்றுப் பதினொரு குறுந்தகடுகள்.
ஏழு வாழைப்பழப் பெட்டிகளில் அடுக்கி
ஃபோல்க்மாரே தூக்கிவந்து வைத்தான்.
இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது.
பின்னால் ஃப்ரீடரூன், பட்டியலோடு.
வீட்டைப் பிரித்தாயிற்று, கரண்டிகள்வரை பிரித்தாயிற்று.
பாட்டில் மட்டும் ஆளுக்கொரு நகல் வேண்டுமாம்.
இருவருக்கும் பொதுவாய் மிஞ்சிய நண்பன் நான்,
பழைய டிரைவ் ஒன்றும் வைத்திருப்பவன்.

அமைப்புகள் பக்கத்தைத் திறந்து
எந்தத் தரத்தில் வேண்டும் என்றேன்.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு போதும் என்றான்,
கார் எஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது.
ஒரு துளி குறையக் கூடாது என்றாள்,
வயலின் வில் கம்பியில் உட்காருமுன் வரும் அந்த உரசல்கூட.
"இருபத்தாறு வருஷமாய் இதே சண்டை"
என்றார்கள், ஒரே நேரத்தில்.
பிறகு இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.
வெளியே வுப்பர் ஆற்றுக்கு மேலே
தொங்கியபடி போய்க்கொண்டிருந்தது ரயில்.

அவர்கள் போனதும் நானே முடிவு செய்தேன்.
முழுசாய் எடுத்து வைப்பது.
முழுசைக் குறைத்துக்கொள்ளலாம்,
குறைத்ததிலிருந்து முழுசு வராது.
இதற்குப் பெரிய ஞானமெல்லாம் வேண்டாம்,
வெங்காயம் நறுக்கிய எவருக்கும் தெரியும்.

நவம்பர் முழுக்க மழை.
வேலைவிட்டு வந்ததும் கோட்டைக் கழற்றுமுன்
ஒரு தகட்டை உள்ளே தள்ளிவிடுவேன்.
உருளைக்கிழங்கு வேகும் நேரத்தில் இரண்டு முடியும்.
'பத்திரமாய்ப் படி' என்று ஒரு தேர்வு.
ஒவ்வொரு துணுக்கையும் இருமுறை படிக்கும்,
இரண்டும் ஒத்துப்போனால் நகரும்,
ஒத்துப்போகாவிட்டால் மறுபடி,
எண்பத்திரண்டு முறைவரை பொறுமை உண்டு அதற்கு.
அவர்களுடைய ஆலோசகர்
ஆறாவது அமர்விலேயே கைவிரித்தாராம்.

ஃபைலுக்குப் பெயர் வைப்பதற்கும் தொலைபேசி.
இசையமைத்தவர் பெயர் முன்னால் வரட்டும் என்றாள்.
அமைத்தவர் செத்து இருநூறு வருஷம்,
வியர்த்து வாசித்தவர் முன்னால் வரட்டும் என்றான்.

கடைசிப் பெட்டியின் அடியில்
அச்சிட்ட உறையில்லாத ஒன்று.
நீலப் பேனாவில்: பார்மன், அட்வென்ட், 2001.
அவர்கள் பாடிய கோரஸ். அவள் ஆல்டோ, அவன் டெனர்.
உள்வட்டத்துக்குப் பக்கத்தில் வெள்ளிப் பூச்சு உரிந்து
விளக்கு வெளிச்சம் ஊசியாய் இறங்கியது.

முதல் தடத்துக்கு முன்னால் பதினோரு நொடி.
இடைவெளியை என்ன செய்வது என்று கேட்டது மென்பொருள்.
முந்தைய தடத்தோடு சேர்க்கலாம்.
முதலுக்கு முந்தையது ஏது?
எனவே வழக்கப்படி தள்ளிவிடும்.

ஹெட்ஃபோனை மாட்டினேன்.
நாற்காலிகள் நகர்கின்றன. யாரோ இருமுகிறார்கள்.
அவள், கிசுகிசுப்பாய்: "காலர் பொத்தான்."
அவன்: "எங்கே?"
துணி உரசுகிறது.
அடக்கிய சிரிப்பு, யாருடையது என்று சொல்ல முடியவில்லை.
அப்புறம் ஆர்கன், சுருதிக்கு ஒரே ஒரு கட்டை.

நான்கு முறை எடுத்தேன்,
நான்கு முறையும் சரிபார்ப்பு எண் வேறு.
சிரிக்கும் இடத்தில்தான் உரிந்திருக்கிறது.
படிக்க முடியாததை மௌனத்தால் நிரப்பவா?
கேள்விக்குப் பக்கத்தில் டிக் ஏற்கெனவே போட்டிருந்தது.
எடுத்துவிட்டேன்.
சிரிப்பு கல் கலந்த சோறுபோல் கரகரத்தது. இருக்கட்டும்.

பிப்ரவரியில் ஃபோல்க்மார் அழைத்தான்,
ஹாகன் போகும் வழியில், பெட்ரோல் பங்க் ஒன்றிலிருந்து.
"இந்த பார்மன் கச்சேரி தொடங்கவே மாட்டேன் என்கிறது,
முதலில் என்னமோ இரைச்சல், வெட்டித்தாயேன்."
உன் ஃபைல், உன் இஷ்டம் என்றேன்,
எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு தடவை கேள்.
எஞ்சின் நின்றது எனக்கே கேட்டது.
அதற்குப் பிறகு அவன் எதுவும் பேசவில்லை,
நானும் வைக்கவில்லை.
பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான்.

அவளுடைய ஹார்ட் டிஸ்க் இன்னும் என் அலமாரியில்.
ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள்,
எந்த ஞாயிறு என்று சொல்லவில்லை.
வாழைப்பழப் பெட்டிகளை இருவருமே கேட்கவில்லை.